கறித்தூளுக்குள் தாலிக்கொடி

2006ஆம் ஆண்டு தை மாதம், ஒஸ்லோவில் பனி முழங்காலைத் தாண்டிக் கிடந்த ஒரு கிழமையில், நான் முதுகில் ஒரு பையைக் கொழுவிக்கொண்டு தன்னந்தனியாக லாவோஸ் நாட்டுக்குப் போனேன். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. இரண்டு பிள்ளைகளின் தாய். ஒஸ்லோவின் ஓரத்தில் புருசெத் என்ற இடத்தில் மூன்றாம் மாடியில் வீடு, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தேநீர் ஊற்றும் அம்மாக்களில் ஒருத்தி. அப்படிப்பட்டவளுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஆட்கள் இன்றுவரை கேட்கிறார்கள்.

அது வேலை இடத்தில் வந்தது. என்னோடு வேலை செய்த நோர்வேக்காரி ஒருத்திக்கு அறுபத்திரண்டு வயது. ஒவ்வோர் ஈஸ்டருக்கும் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பனிமலைக்குப் போய்விடுவாள். ஒருநாள் இடைவேளையில் பாண் துண்டைக் கடித்தபடி என்னிடம் கேட்டாள், யாருமே உனக்காகக் காத்திருக்காத ஓர் இடத்துக்கு எப்போதாவது போயிருக்கிறாயா என்று. நான் உடனே லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று அடுக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். லண்டனில் அண்ணன் வீடு, பாரிஸில் மச்சாள் வீடு, ரொறன்ரோவில் மூன்று கலியாணம். எங்கள் பயணமெல்லாம் அப்படித்தானே. விமான நிலையத்தில் ஒருவர் காரோடு நிற்பார், வீட்டில் புட்டும் கறியும் மூடி வைத்திருக்கும், அடுத்த நாள் இன்னொரு சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில் போய் இருப்போம். யாரும் காத்திருக்காத இடத்துக்கு நான் ஒரேயொரு முறைதான் போயிருக்கிறேன். அது அகதியாக நோர்வேயில் வந்து இறங்கிய நாள். அன்று நான் எதையும் ரசிக்கும் நிலையில் இருக்கவில்லை. ஒருமுறையாவது ரசித்துக்கொண்டு அப்படிப் போய் இறங்க வேண்டும் என்று அந்த இடைவேளையில் பிடித்த ஆசை பிறகு என்னை விடவேயில்லை.

லாவோஸைத் தெரிவு செய்தவள் மகள். அவளுடைய சிநேகிதிகள் போய் வந்திருந்தார்கள். ஆறும் மலையும் அமைதியான சனமும் என்று சொல்லியிருந்தார்கள். விமானச் சீட்டை அவளே கணினியில் பதிந்து தந்தாள். கணவர் முதலில் சிரித்தார், மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்:

"இஞ்சரும், ஊரிலை இருந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது காணாதெண்டு, இப்ப காசு குடுத்து அகதியாத் திரியப் போறீரோ?"

நான் வாய் திறக்க முன்னமே மகள் பாய்ந்தாள். "அப்பா, இது தூர், நோர்வேக்காரர் ஆசைக்குப் போற பயணம். அம்மா களைச்சா வீட்டை திரும்பி வரலாம். அகதிக்குத் திரும்பி வர ஏலாது." அவர் கடைசியில் சம்மதித்தார். ஒரேயொரு நிபந்தனை மட்டும் போட்டார். தாலிக்கொடியை வங்கியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒன்பது பவுண் கொடி அது. பிள்ளைப்பேற்றுக்கும் ஒரு சத்திர சிகிச்சைக்கும் தவிர நான் அதைக் கழுத்திலிருந்து கழற்றியதில்லை. முடியவே முடியாது என்று நான் சண்டை பிடித்து வென்றேன். அந்த வெற்றிதான் பிறகு என்னை வாட்டி எடுத்தது.

பையில் இரண்டு சோடி உடுப்பு, மருந்து, ஒரு சீலைத் துவாய், அதோடு அரைக்கிலோப் படி இரண்டு பக்கெற் கறித்தூள். சிரிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துக்காரி நிலவுக்குப் போனாலும் தூள் கொண்டுதான் போவாள். நானே வறுத்து, கட்டடத்துத் தீயலாரம் இரண்டு தரம் கத்தி, கீழ்வீட்டு மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் தட்டும்வரை வறுத்து, அரைத்த தூள் அது.

பாங்கொக்கில் இறங்கி, இரவெல்லாம் பஸ்சில் குந்தி, எல்லையைத் தாண்டி, மேகொங் நதியில் இரண்டு நாள் படகில் போனேன். அந்த இரண்டு நாளையும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மரப் பலகை இருக்கையில் முதுகு உடைந்தது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. யாருக்கும் தேநீர் போட வேண்டாம். யாரும் "அம்மா, என்ரை கால்மேசு எங்கை?" என்று கேட்கவில்லை. படகு ஒரு மணற்கரையில் ஒதுங்கினால் இறங்கினேன், கூப்பிட்டால் ஏறினேன். என்னைச் சுற்றி இருபது வயதுப் பிள்ளைகள் காதில் வயரைச் செருகிக்கொண்டு தூங்கினார்கள். நான் ஒரு வளைவையும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தேன். என் பெயர் தெரிந்த ஒருவர்கூட இந்த ஆற்றில் இல்லை என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இரண்டாம் நாள் பக்கத்தில் இருந்த ஒல்லாந்துக்காரி என் கழுத்தைப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, ஆனால் கவனம் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நோர்வேயில் கம்பளிச் சட்டைக்கும் மேலங்கிக்கும் உள்ளே பதினேழு வருடம் ஒளிந்து கிடந்த கொடி, இங்கே மெல்லிய பருத்திச் சட்டைக்கு மேலே வெயிலில் பளபளவென்று கிடந்தது.

லுவாங் பிரபாங் பட்டணத்து விடுதி அறையில் அன்று மாலை கொடியைக் கழற்றினேன். எங்கே வைப்பது? பூட்டில்லாத அலுமாரி, துணிப்பை. சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் எங்கள் பைகளைக் கொட்டிக் கிளறுவார்கள். மிளகாய்த்தூளுக்குள் மட்டும் ஒருவனும் கை விடமாட்டான். எங்கள் ஊரில் எத்தனை வீட்டு நகைகள் அப்படித் தப்பியிருக்கின்றன. எனக்கு வேறு யோசனையே வரவில்லை. கொடியை ஒரு பொலித்தீனில் சுற்றி, உடைக்காத பக்கெற்றைத் திறந்து, நடுத்தூளுக்குள் அமத்திவிட்டு, வேலை இடத்து மருந்துப் பிளாஸ்டரால் வாயை இறுக்கி ஒட்டினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு நித்திரை கொண்டேன்.

அங்கிருந்து வடக்கே, நாம் ஊ என்ற ஆற்றின் கரையில் இருக்கும் கிராமம் ஒன்றுக்குப் போனேன். வாகனத்தில் நாலு மணித்தியாலம் போய், பாலமுள்ள ஒரு சின்னப் பட்டணத்தில் இறங்கி, மெல்லிய நீளப் படகில் ஆற்றை எதிர்த்து ஒரு மணித்தியாலம் போனால் வரும். தெருவே கிடையாது, படகு மட்டும்தான். கிராமத்தின் பெயரை நான் எழுதவில்லை. காரணம் போகப் போகப் புரியும்.

கரையில் நின்ற ஒரு பெண் சிரித்துக்கொண்டு என் பையை வாங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்குப் பின்னால் மூன்று மூங்கில் குடில் கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். கணவன் விடிய முன் மீன்பிடிக்கவோ வயலுக்கோ போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். இரண்டு சின்னப் பிள்ளைகள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு அவளுடைய மொழியில் வணக்கம் சொல்ல மட்டும் தெரியும். ஆனால் முதல்நாளே அடுப்படியில் குந்திவிட்டோம். அடுப்படியில் குந்திய இரண்டு பெண்களுக்கு மொழி எதற்கு? அவள் பிசுபிசுத்த அரிசியை மூங்கில் கூடையில் அவித்தாள், நான் உள்ளி உரித்தேன். அவள் உரலில் மிளகாய் இடித்த வேகத்தைப் பார்த்து நான் கை தட்டினேன்.

இரண்டாம் நாள் நான் என் முறைக்கு ஆற்று மீனை வாங்கி, புளி கரைத்து, என் தூளைப் போட்டுக் குழம்பு வைத்தேன். இது முதலே உடைத்துப் பாவித்துக்கொண்டிருந்த பக்கெற். அவள் ஒரு வாய் வைத்தாள். கண் கலங்கியது, மூக்கு ஓடியது, கையால் விசிறிக்கொண்டாள், பிறகு சட்டியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். மூன்று நாளும் நான் அவளோடுதான் சமைத்தேன், அவளோடுதான் சாப்பிட்டேன். லண்டனில் இருக்கும் சொந்த மச்சாளோடுகூட எனக்கு அப்படி ஓர் ஒட்டு இருந்ததில்லை.

நாலாம் நாள் காலை புறப்பட்டேன். படகோட்டி கரையில் நின்று கூப்பிடுகிறான், படகு நிறைந்துவிட்டது. அவள் ஒரு வாழையிலைப் பொதியில் சோறு கட்டித் தந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. திருப்பி ஏதாவது கொடுக்க வேண்டுமே. தூள் கொடுப்போம் என்று பையைத் திறந்தேன். பாவித்த பக்கெற்தான் முதலில் கையில் பட்டது. எங்கள் புத்தி தெரியும்தானே, பாவித்து மிஞ்சியதையா ஒருவருக்குக் கொடுப்பது, புதிதைக் கொடுப்போம் என்று அடியில் கிடந்த மற்றப் பக்கெற்றை இழுத்து எடுத்து, இரண்டு கையாலும் அவளுக்குக் கொடுத்தேன். அவள் அதை நெற்றியில் வைத்து வாங்கினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு படகில் ஏறிவிட்டேன். என் மூளை எனக்கு முன்னமே ஏறிப் போய்விட்டிருந்தது.

பின்னேரம் லுவாங் பிரபாங்கில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்தேன். கணவருக்கு அன்று பின்நேர வேலை, வீட்டில்தான் இருந்தார். நான் ஆறு, மலை, மீன்குழம்பு என்று மூச்சு விடாமல் அளந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"அது சரி, கொடி கவனமோ?"

"ஓம், பயப்பிடாதேங்கோ. ஒருத்தரும் கை வைக்கேலாத இடத்திலை, தூளுக்கை..."

அந்த இடத்தில் என் வாய் அப்படியே நின்றது. தூளுக்கை என்ற சொல்லும், நான் இரண்டு கையாலும் நீட்டிய பக்கெற்றும், அந்தப் பிளாஸ்டரும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஹலோ, ஹலோ என்று அவர் கத்துகிறார். லைன் சரியில்லை, நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கலியாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் பெரிய பொய் அது.

அன்று திரும்பிப் போக வாகனம் இல்லை. அடுத்த நாள் முதல் வாகனத்தில் ஏறினேன். வளைவுக்கு வளைவு மனம் ஒரு கணக்குப் போட்டது. அவள் இன்னும் உடைத்திருக்கமாட்டாள். உடைத்திருந்தாலும் மேல்தூளைத்தான் எடுத்திருப்பாள். கண்டிருந்தாலும் எடுத்து வைத்திருப்பாள். பாலத்தடிப் பட்டணத்தில் படகு நிறையும்வரை நிற்க எனக்குப் பொறுமை இல்லை. மிச்ச ஆட்களின் காசையும் நானே கொடுத்து உடனே எடுக்கச் செய்தேன். வழியில் ஒரு படகு எதிரே இறங்கி வந்து எங்களைக் கடந்து போனது. அதில் யாரோ எழும்பி நின்று கையை ஆட்டிக் கத்தியது எஞ்சின் சத்தத்தில் மங்கலாகக் கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு என் கழுத்துத்தான் நினைவு.

கிராமத்தில் இறங்கும்போது பகல் ஒரு மணி. அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கண்டு சிரித்தாள். அவள் எங்கே என்று சைகையில் கேட்டேன். ஆற்றைக் காட்டினாள், கீழே போய்விட்டாள் என்றாள். எதையோ நெஞ்சோடு அணைத்து, சீலையால் மூடிக்கொண்டு, அவசரமாக ஓடிப் போனதாக நடித்தும் காட்டினாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தப் பக்கத்து வீட்டு முற்றத்தில்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். களவெடுத்துக்கொண்டு ஓடுகிறவள் பிள்ளைகளை விட்டுவிட்டா ஓடுவாள்? கண்ணால் கண்டேன், ஆனால் அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

நேரே ஊர்த் தலைவரிடம் போனேன். பள்ளிக்கூடத்து ஆங்கில ஆசிரியர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள், நாற்பது வயது மதிக்கத்தக்க அமைதியான மனிதர். நான் அழுதுகொண்டு சொன்னதை அவர் மொழிபெயர்த்தார். பிறகு என்னிடம் நிதானமாகக் கேட்டார், நீங்கள் கொடுத்தீர்களா, அவள் எடுத்தாளா என்று. தூளைக் கொடுத்தேன், தங்கத்தைக் கொடுக்கவில்லை என்றேன். எந்த வழக்கறிஞரும் என்னிடம் தோற்றுப் போவார். தலைவர் ஏதோ கேட்டார். ஆசிரியர் சற்றுத் தயங்கி அதையும் ஆங்கிலத்தில் சொன்னார்: அப்படியானால் அவள் களவெடுத்தாள் என்று சொல்கிறீர்களா?

நான் ஓம் என்றேன்.

யாரோ ஓடிப்போய் வயலிலிருந்து அவளுடைய கணவனைக் கூட்டி வந்தார்கள். தலைவர் சொன்னதை அவன் நின்றபடி கேட்டான். என்னைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனான். ஒவ்வொன்றாக வெளியே கொண்டு வந்து முற்றத்தில் வைத்தான். சட்டி, பானை, பாய், பிள்ளைகளின் உடுப்பு, அரிசி அவிக்கும் கூடை. அரிசிச் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சேறு காயாத கையோடு, தன் வீடு முழுவதையும் ஊருக்கு முன்னால் தானாகவே பிரித்து வைத்துவிட்டு, படியில் போய் இருந்தான். அந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் 'போ பென் ஞாங்' என்பார்கள், பரவாயில்லை என்று அர்த்தம். படகு தாமதித்தாலும் அதுதான், மழை வந்தாலும் அதுதான். அன்று அந்த முற்றத்தில் அதை ஒருவரும் சொல்லவில்லை.

அந்தச் சாமான்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முதிய அம்மாவின் மோதிரம் காணாமல் போனது. யாரும் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை, எல்லோரும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஆனால் ஏழு பேர் வேலை செய்த இடத்தில் என் அலுமாரியை மட்டும் திறந்து காட்டச் சொன்னார்கள். மோதிரம் அந்த அம்மாவின் பின்னல் பையிலேயே பிறகு கிடைத்தது. என் சாப்பாட்டுப் பெட்டியும் மாற்றுச் சப்பாத்தும் மேசையில் பரவிக் கிடந்த அந்தக் காட்சியை நான் மறந்ததே இல்லை. அதை மறக்காதவள்தான் இங்கே வந்து ஒரு வீட்டையே முற்றத்தில் பரப்ப வைத்திருந்தேன். வேண்டாம், எல்லாவற்றையும் உள்ளே வைக்கச் சொல்லுங்கள் என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் மொழிபெயர்த்தார். கணவன் படியை விட்டு அசையவில்லை.

ஐந்து மணியளவில் படகுச் சத்தம் கேட்டது. கரைப்படிகளில் அவள் ஓடி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, என் பக்கெற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் ஆற்றைக் காட்டி, தன் கண்ணைக் காட்டி, கையை ஆட்டிக் காட்டி, படபடவென்று கதைத்தாள், ஆசிரியர் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கியது. கடந்து போன படகில் எழும்பி நின்று கத்தியது அவள்தான். மத்தியானச் சமையலுக்குப் பக்கெற்றை உடைத்தவள் தங்கத்தைக் கண்டிருக்கிறாள். வெளியே சொன்னால் ஊர் கூடும் என்று ஒருவரிடமும் சொல்லாமல், பிள்ளைகளை விட்டுவிட்டு, எதிர்ப்பட்ட முதல் படகில் என்னைத் தேடி இறங்கியிருக்கிறாள். நடு ஆற்றில் என்னைக் கண்டபின், கீழே போய்த் திரும்பும் படகு நிறையும்வரை மூன்று மணித்தியாலம் துறையில் குந்தியிருக்கிறாள்.

இவ்வளவையும் அவள் சொல்லி முடிக்கும்போதுதான் முற்றத்தைக் கண்டாள். சாமான்களைக் கண்டாள், தலைவரைக் கண்டாள், படியில் இருந்த கணவனைக் கண்டாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவளுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. பக்கெற்றை என் கையில் வைத்தாள். நான் பொலித்தீனைப் பிரித்தேன், கொடி அப்படியே இருந்தது. ஒன்பது பவுணையும் கையில் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கொஞ்சமும் சந்தோசம் வரவில்லை. அவள் குனிந்து பானைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். நானும் குனிந்து ஒரு சட்டியைத் தூக்கினேன். அவள் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று திரும்பப் படகில்லை. அவளே வந்து நான் இருந்த பழைய குடிலைத் திறந்துவிட்டுப் போனாள். விடிந்ததும் நான் ஆசிரியரைத் தேடிப் போனேன். நேற்று நின்றவர்கள் எல்லோரும் வர வேண்டும், ஒருவர்கூடக் குறையக்கூடாது என்று கேட்டேன். வந்தார்கள். நான் நடுவில் நின்று சொன்னேன். இந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை. என் இரண்டு கையாலும் நான்தான் கொடுத்தேன். நான் மறந்ததை அவள் நினைவு வைத்துக்கொண்டு என்னைத் தேடி ஓடினாள். அவளைக் களவெடுத்தவள் என்று சொன்ன என் வாய் பொய் சொன்னது. ஆசிரியர் ஒவ்வொரு வசனத்தையும் உரக்கச் சொன்னார். சொல்லி முடித்ததும் கை கூப்பி அவள் காலடியில் குனிந்தேன். அவள் பதறி என் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். பிறகு ஆசிரியரைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

அவளுக்கு உங்கள் மன்னிப்பு வேண்டாமாம் என்றார் அவர். நேற்று அவள் வீட்டுச் சாமானை முற்றத்தில் பார்த்த அத்தனை பேரும் இன்று அதே சட்டியில் சமைத்ததைச் சாப்பிட வேண்டுமாம். நீங்கள்தான் சமைக்க வேண்டுமாம். அந்த மூக்கு ஒழுகும் குழம்பு.

என் உடம்பில் உயிர் திரும்பி வந்தது. எத்தனை பேர் என்று எண்ணினேன், முப்பதுக்குக் கிட்ட. கணவன் வலையோடு ஆற்றுக்கு இறங்கினான். பக்கத்து வீட்டுக்காரி உள்ளியோடு வந்தாள், தலைவரின் மனைவி புளியோடு வந்தாள். முற்றத்தில் மூன்று கல்லு வைத்து, பெரிய சட்டி ஏற்றி, தாலிக்கொடி கிடந்த அதே தூளை அள்ளி அள்ளிப் போட்டேன். அவள் பக்கத்தில் நின்று துழாவினாள். புகையிலும் காரத்திலும் ஊர் முழுவதும் தும்மியது. தலைவர் ஒரு வாய் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், எல்லோரும் பயந்து போனோம், பிறகு இன்னும் கொஞ்சம் என்று கோப்பையை நீட்டினார். அப்படி ஒரு விருந்தை நான் எந்தக் கலியாண வீட்டிலும் கண்டதில்லை.

மத்தியானப் படகுக்கு நேரமானது. பாதிக்கு மேல் மிஞ்சியிருந்த பக்கெற்றை, அவள் எடுப்பாளோ மாட்டாளோ என்ற நடுக்கத்தோடு மறுபடியும் இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. எல்லோரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சட்டைக் கையைச் சுருட்டினாள். பக்கெற்றுக்குள் கையை மணிக்கட்டுக்கு மேலே விட்டு, அடிவரை, மூலை மூலையாக, ஆறுதலாகத் துழாவினாள். பிறகு கையை வெளியே எடுத்து, சிவந்த வெறும் உள்ளங்கையைத் தலைவருக்குக் காட்டினாள், கணவனுக்குக் காட்டினாள், கடைசியாக எனக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அதன்பிறகுதான் பக்கெற்றை வாங்கினாள். முற்றமே வெடித்துச் சிரித்தது. அவள் கணவனும் சிரித்தான். நானும் வயிறு நோகச் சிரித்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நான் வேறு நாடுகளுக்கும் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் வந்திருக்கிறேன். கணவரிடம் முழுக் கதையையும் ஒஸ்லோ விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டேன். அவர் கொடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பிள்ளை உம்மை மன்னிச்சவவோ?" என்று மட்டும் கேட்டார். மன்னித்தாள் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் எது காணாமல் போனாலும், யார் எடுத்தது என்று கேட்க முன்னம் நான் எங்கே வைத்தேன் என்று கேட்க இப்போது பழகிவிட்டேன். ஆனால் நாலு மணித்தியாலம் நான் அவளைக் களவெடுத்தவளாக வைத்திருந்தேனே, அந்த நாலு மணித்தியாலத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுக்கும் வழி மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.